மூச்சு வாங்கும் இடம்

பாட வந்தவர்களை முகத்தை வைத்து அவள் அடையாளம் பார்க்கவில்லை, பல்லை வைத்துத்தான் பார்த்தாள். தொழில் அப்படி. பல் டாக்டர்களுக்குப் பல் செட்டும் உறையும் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவள். எதிரே ஒருவர் வாயைத் திறந்தால், என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்னால் மேல் வரிசையை ஒரு நோட்டம் விட்டுவிடுவாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான், சாவு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். அவளுடைய வீட்டுக்காரர் இதைச் சொல்லியே அவளைக் கூட்டத்துக்கு அழைத்துப் போக யோசிப்பார்.

பாட்டுப் பயிற்சி என்றால் கேட்க வேண்டுமா? மரச்சாமான் கடை ஒன்றின் மேல் மாடி. கீழேயிருந்து வார்னிஷ் வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இருபது பேர் அரைவட்டமாக நின்று, டீச்சர் சொன்னபடி 'ஆ' என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கீழ்த்தாடையில் செயற்கைப் பல், சுமாரான வேலை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரிக்கு எல்லாம் சொந்தப் பல், நல்ல பராமரிப்பு, ஆனால் அந்த வாய் மூடவே மூடாது. இப்படியே வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனவள், ஆண்கள் பக்கத்தின் கடைசியில் ஒரு முன் பல்லில் வந்து நின்றாள்.

பக்கத்துப் பற்களோடு ஒட்டிப்போகிற மஞ்சள் நிறத்தில் ஒரு உறை. அது அவள் கையால் செய்தது. பளிச்சென்று வெள்ளையாகச் செய்து தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு, "மத்ததெல்லாம் டீ குடிச்சுப் பழகின பல்லு. இது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி நிக்க வேணாம்" என்று சொல்லி, மஞ்சளாகவே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவன் அவளுடைய அண்ணன்.

அண்ணனும் அவளைப் பார்த்துவிட்டான். திறந்த வாய் அப்படியே நின்றது. 'ஆ' மட்டும் வரவில்லை.

அவர்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசி நாலு வருஷம் ஆகிறது. ஊர் ஒன்றுதான், பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். அண்ணி மட்டும் அவ்வப்போது அவளுக்குப் போன் செய்வாள், உடம்பு எப்படி என்பாள், பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள், அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். நூலகத்தில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பைப் படம் எடுத்து அனுப்பியதும் அண்ணிதான். 'பழைய மேடை நாடகப் பாடல்கள். கூட்டுப் பாடல் பயிற்சி. பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.' உனக்குப் பிடிக்குமே என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அதே படம் அண்ணனுக்கும் போயிருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். பிறகு, நான் ஏன் போக வேண்டும், அவன் போகட்டும் என்று நின்றாள். அவனும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவனும் நின்றான். வீம்பில் இருவரும் ஒரே அச்சு.

அப்பா வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடிக்கிறவர். நாடகக் கொட்டகைக்குத் திரைச்சீலை வண்ணம் தீட்டப் போன காலத்தில் அந்தப் பாட்டெல்லாம் காதில் விழுந்து, கொட்டகை மூடின பிறகும் அவர் வாயை விட்டுப் போகவில்லை. ஏணி மேல் நின்றால் பாடுவார். அவரைப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சுவரில் பெயின்ட் திட்டுத் திட்டாக நிற்கும் என்று வேலை கொடுக்கிறவர்களே சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பிள்ளைகள் இரண்டும் ஏணியின் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று கூடப் பாடும். அம்மா போன பிறகு பிள்ளைகளை வீட்டில் விட ஆள் இல்லை, அதனால்தான் அந்த ஏற்பாடு. பிள்ளைகளுக்கோ அது திருவிழாவாக இருந்தது. ஒரே ஒரு சட்டம்தான். நான் இறங்குற வரைக்கும் கையை விடக் கூடாது என்பார் அப்பா.

அந்த அப்பா ஒரு நாள் குளியலறையில் விழுந்து, தலையில் ரத்தம் கசிந்து, மருத்துவமனையில் மெஷின் வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவள் அப்போது பட்டறை வேலையாக வெளியூர் போயிருந்தாள். ரயில் ஏறியவுடன் அண்ணனுக்குப் போன் செய்தாள். மெஷினை எடுக்கலாமா என்று டாக்டர்கள் கேட்கிறார்கள் என்றான் அவன். நான் வருகிற வரைக்கும் எதுவும் செய்யாதே என்றாள் அவள். சரி என்றான். அவள் வந்து சேர்ந்தபோது அந்த அறையில் காலிக் கட்டிலுக்கு வெளுத்த விரிப்புப் போட்டு வைத்திருந்தார்கள். அண்ணன் அப்பாவின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் அழவில்லை. சித்தப்பாக்களும் அத்தைகளும் நின்ற இடத்தில், எல்லார் காதிலும் விழும்படி, "உனக்கு அப்படி என்ன அவசரம்?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அன்றோடு சரி.

அவளுக்கு அந்தப் பதில் வேண்டும். மன்னிப்புக் கேட்கட்டும் என்றோ காலில் விழட்டும் என்றோ அவள் நினைக்கவில்லை. ஏன் காத்திருக்கவில்லை என்று மட்டும் தெரிய வேண்டும். தெரியாமலேயே செத்துப் போய்விடுவோமோ என்ற பயம் சில நாட்களில் பட்டறையில் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது வரும்.

டீச்சர் மேடையில் கதாநாயகியாக ஒரு நாளும் நடித்தவள் இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பின்வரிசைக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பாடினவள், அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தனியாகப் பாடுகிறவர்களுக்குத் தொண்டை இருந்தால் போதும், கூட்டத்தில் பாடுகிறவர்களுக்குக் காது வேண்டும் என்பது அவள் கட்சி. பயிற்சியின் கடைசி நாளில் அவரவர் வீட்டாரை அழைத்து உட்கார வைத்து ஒரே ஒரு பாட்டைச் சுத்தமாகப் பாடிக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம் என்றாள். பாட்டு எதுவென்று சொன்னதும் இவள் பல்லைப் பார்ப்பதை விட்டாள். ஆற்றில் போனவர்களுக்காக ஊரே பாலத்தில் கூடி நிற்கும் காட்சியில் வரும் பாட்டு அது. அப்பாவின் பாட்டு.

'படகு திரும்பும் வரையிலே, இந்தப் பாலத்தின் மேலே காத்திருப்போம்.'

கடைசிச் சொல்லில்தான் வேலை இருக்கிறது. 'காத்தி' என்று எடுத்து, மேலே ஏறி, அங்கேயே நீளமாக நின்று, பிறகுதான் 'ருப்போம்' என்று இறங்கி வர வேண்டும். யாராலும் ஒரே மூச்சில் முடியாது.

"முடியக் கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்காங்க" என்றாள் டீச்சர். "தனி ஆளால ஆகாது, அதுக்குத்தான் இத்தனை பேர். பக்கத்துல இருக்கறவங்க மூச்சு வாங்கறப்போ நீங்க வாங்காதீங்க. அவங்க திரும்பி வந்து பிடிச்சப்புறம் நீங்க போங்க. சொல்லுக்கு நடுவுல வாங்கினாலும் எனக்குக் கவலை இல்ல. சேர்ந்து மட்டும் வாங்காதீங்க. கேக்கறவங்களுக்கு இங்க யாருமே மூச்சு விடாத மாதிரி இருக்கணும்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. பாடினார்கள். 'காத்தி' மேலே ஏறி நின்றது, நின்ற இடத்தில் பொத்தென்று ஒரு பள்ளம் விழுந்தது. டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினாள். மறுபடியும் பாடினார்கள். அதே இடத்தில் அதே பள்ளம். பெண்களை மட்டும் பாடச் சொன்னாள், கொஞ்சம் இளைத்தது, ஆனால் விழவில்லை. ஆண்களை மட்டும் பாடச் சொன்னாள், அதுவும் அப்படித்தான். சேர்ந்தால் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. மருந்துக்கடைக்காரி தன்னால்தான் என்று நினைத்து, மாத்திரை கணக்குப் பண்ணுவதுபோல விரலை மடக்கி மடக்கி மூச்சு வாங்கிப் பார்த்தாள். பள்ளம் அசைந்து கொடுக்கவில்லை. டீச்சர் இசைப்பலகையை வாசிப்பதை விட்டுவிட்டு எழுந்து வந்து நடுவில் நின்று, "நான் கேக்கப் போறதில்ல, பாக்கப் போறேன். பாடுங்க" என்றாள்.

பாடினார்கள். பள்ளம் வந்த இடத்தில் அவள் ஒரு கையால் பெண்கள் வரிசையையும் மறு கையால் ஆண்கள் வரிசையையும் காட்டினாள்.

"நீங்களும் நீங்களும். ரெண்டு பேரும் அந்த இடத்துல தலையைக் குனிஞ்சு மூச்சு வாங்கறீங்க. ஒரே நேரத்துல. இந்தக் கூட்டத்துலயே பெரிய குரல் ரெண்டும் உங்களோடது. ரெண்டு தூணும் ஒண்ணா சாஞ்சா கூரை எப்படி நிக்கும்? ஆமா, தலையை ஏன் குனியறீங்க?"

 தலையைக் குனிகிறோம் என்பதே இவளுக்குத் தெரியாது. தெரிந்தவுடனே ஏனென்றும் தெரிந்துவிட்டது. அப்பா 'காத்தி' வரைக்கும் பாடிக்கொண்டே பெயின்ட்டை இழுத்துவிட்டு, அந்த இடத்தில் பிரஷ்ஷை டப்பாவில் முக்கி எடுப்பார். விளிம்பில் வழித்துவிடும்போது ஒரு மூச்சு வாங்குவார். அப்போது மேலேயிருந்து சொட்டும். கண்ணில் விழாமல் இருக்க ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இரண்டும் பாட்டை நிறுத்தித் தலையைக் குனிந்துகொள்ளும். பிறகு மூன்று பேருமாக 'ருப்போம்' என்று எடுப்பார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்கிட்ட கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் டீச்சர்.

அவள் வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான். "ஒரே வீட்டுல."

மருந்துக்கடைக்காரியின் வாய்கூட ஒரு நிமிஷம் மூடிக்கொண்டது.

டீச்சருக்கு உறவுக் கதை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட மாதிரியும் இல்லை. அவளுக்குப் பள்ளம் அடைபட வேண்டும். "ரொம்ப நல்லதாப் போச்சு. எதிரும் புதிருமா நின்னா சரிப்படாது. பக்கத்துல வந்து நில்லுங்க. யாராவது ஒருத்தர் அந்த இடத்தை விட்டுக் குடுக்கணும். யாருன்னு உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்குங்க."

அண்ணன் நடந்து வந்து அவள் தோளருகே நின்றான். மெஷின் எண்ணெய் வாசனை. லிஃப்ட் பழுது பார்க்கிறவன், எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது போகாது. நாலு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவைதான்.

"நீ எங்க வாங்கற?"

"'காத்தி'க்கு அப்புறம்."

"நானும் அங்கதான்."

"அதான் தெரியுதே."

"சரி, நான் 'மேலே'ன்னு வருதில்ல, அங்க வாங்கிக்கறேன். நீ உன் இடத்துல வாங்கிக்கோ."

சொன்னான், ஆனால் முடியவில்லை. 'மேலே' என்ற இடத்தில் மூச்சு வாங்கியவன், 'காத்தி' வந்ததும் பழக்க தோஷத்தில் மறுபடியும் தலையைக் குனிந்து நிறுத்தினான். அடுத்த முறை அவள் விட்டுக் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கும் அதே கதிதான். தலை தன் பாட்டுக்குக் குனிந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உடம்பு யார் சொல்லையும் கேட்பதில்லை.

டீச்சர் இடைவேளை விட்டாள். எல்லாரும் டீயும் பிஸ்கட்டுமாக நிற்க, இவள் படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். கடைக்காரர்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் வந்தான். உட்காரவில்லை. பக்கத்திலிருந்த லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கயிறு தளர்ந்திருக்கு. யாருமே பாக்கறதில்ல போல" என்றான். பேச வேறு ஒன்றும் இல்லாதவன் தொழிலைப் பேசுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அவளும்தான் இத்தனை நேரம் அவனுடைய பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா."

அவன் கதவிலிருந்து காதை எடுத்தான்.

"நான் ரயில்ல இருந்தேன். வர்ற வரைக்கும் ஒண்ணும் செய்யாதேன்னு சொன்னேன். நீ சரின்னு சொன்னே."

"சொன்னேன்."

"அப்புறம் ஏன் காத்திருக்கல?"

கேட்டுவிட்டாள்.   "சொன்னா சிரிப்பே" என்றான் அவன்.

"சிரிக்கிற மாதிரியா இருக்கேன்?"

அவன் இரண்டு படி கீழே இறங்கி, மெத்தையில் சாய்ந்து நின்றுகொண்டான். முகத்தை அவளுக்குக் காட்டாமல் பேசினான்.

"டாக்டர் வந்து, மூளை போயிடுச்சு, மெஷினாலதான் ஓடுது, இனிமே திரும்பாதுன்னு சொன்னார். நான் நம்பல. என் தங்கச்சி வரட்டும்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். நெஜமாத்தான் உக்காந்தேன். அந்த மெஷின் காத்தை உள்ள தள்ளுது, வெளிய விடுது. ஒரே அளவு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. காதுக்கிட்ட குனிஞ்சு இந்தப் பாட்டைப் பாடினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"'காத்தி' வரைக்கும் பாடிட்டு நிறுத்தினேன். அப்பா எங்க இருந்தாலும் அந்த இடத்துல மூச்சு வாங்கித்தானே ஆகணும். மெஷின் அது பாட்டுக்குப் போச்சு. மறுபடி பாடினேன். மெதுவாப் பாடினேன், வேகமாப் பாடினேன். ஒரு தடவை சேந்துச்சு பாப்பா. கரெக்டா அந்த இடத்துல மூச்சு. கேக்குதுன்னு நெனச்சு எந்திரிச்சு நின்னுட்டேன். நர்ஸைக் கூப்பிடக்கூட போயிட்டேன். திரும்பி வந்து பாடினா சேரல. அப்புறம்தான் புரிஞ்சுது. அப்பா எனக்காக வாங்கல. நான்தான் மெஷினுக்கு ஏத்த மாதிரி பாடியிருக்கேன்."

கீழே கடையில் யாரோ ஒரு மேசையை இழுத்தார்கள். 

"அங்க அப்பா இல்ல. எனக்கு அவ்வளவுதான் தெரிஞ்சுது. போய் எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எல்லாரையும் வெச்சுக்கிட்டு என்ன அவசரம்னு கேட்டே. பாட்டு சேரலைன்னு சொல்லவா? பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க." மூக்கை உறிஞ்சினான். "அது மட்டும் இல்ல. பயமும்தான். நீ வந்தா வேணாம்னு சொல்லுவே. நீ சொன்னா நான் கேட்டுருவேன். அப்புறம் அந்தச் சத்தத்துல எத்தனை நாள் உக்காந்திருக்கணுமோன்னு பயம். உனக்காகக் காத்திருக்கத் தெம்பு இல்ல எனக்கு. அதுதான் நெஜம்."

இவ்வளவு நாளும் அவள் என்னென்னவோ பதில்களை நினைத்து வைத்திருந்தாள். அவனுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, டாக்டர்கள் நெருக்கினார்கள், அவன் நெஞ்சு கல். எல்லாவற்றுக்கும் அவளிடம் திருப்பிச் சொல்ல ஒரு பேச்சு இருந்தது. இதற்கு இல்லை. ஆனாலும் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். தனியாக உட்கார்ந்து பாடியிருக்கிறானே என்று அவனுக்காக நெஞ்சு வலித்தது, என்னை விட்டுவிட்டுப் பாடினானே என்று தனக்காகவும் வலித்தது.

"நான் வந்திருந்தா அந்தச் சத்தத்தையாவது கேட்டிருப்பேன்" என்றாள். "எனக்கு அதுவும் கெடைக்கல. நான் உள்ள வந்தப்போ அந்த ரூம்ல ஒரு சத்தமும் இல்ல."

"தெரியும்" என்றான் அண்ணன்.  

உள்ளே டீச்சர் கை தட்டிக் கூப்பிட்டாள். எழுந்து போகும்போது அண்ணன் சொன்னான், "அந்த இடத்தை நீ வெச்சுக்கோ பாப்பா. அப்பா மூச்சு உன்கிட்ட இருக்கட்டும். நான் பழகிக்கறேன். நான் விடாம பிடிக்கறேன்."

சொன்னபடி பழகவும் செய்தான். அண்ணி போனில் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். "லிஃப்ட் குழிக்குள்ள நின்னு பாடறாராம். மேல பட்டனை அமுக்கிட்டு நிக்கறவங்க எல்லாம் பயந்துபோய் மாடிப்படில ஏறிப் போறாங்களாம். வீட்டுலயும் அதே கதைதான். குளிக்கறப்போ 'காத்தீ'ன்னு ஆரம்பிச்சா தண்ணி தீர்ற வரைக்கும் அதுதான்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "பேசினீங்களாமே" என்றாள். ஆமாம் என்றாள் இவள். அண்ணி வேறெதுவும் கேட்காமல் போனை வைத்துவிட்டாள். அவ்வளவு தூரம் விவரம் தெரிந்தவள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் பள்ளம் சிறிது சிறிதாகத் தூர்ந்தது. அண்ணன் கழுத்து நரம்பு புடைக்க 'காத்தி'யை இழுத்துப் பிடித்தான், தலை குனிய வந்தால் தாடையை உயர்த்திக்கொண்டான். அவள் அவனுடைய குரலின் நிழலில் நின்று தலையைக் குனிந்து அப்பா வாங்கின இடத்தில் மூச்சு வாங்கினாள். டீச்சருக்கு மகிழ்ச்சி. இனி இவர்களைப் பற்றிக் கவலை இல்லை என்று பின்வரிசைக்காரர்களைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் அந்த நாட்களில் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். பேருந்து வந்துவிட்டதா, மழை வருமா, பல் ஆடுகிறதா. ஆடவில்லை என்று தட்டிக் காட்டினான்.

கடைசி நாள் வந்தது. மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டு வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். அவளுடைய வீட்டுக்காரர் ஒரு ஓரத்தில், அண்ணி முன்வரிசையில். டீச்சர் முன்னால் வந்து நீளமாக ஒன்றும் பேசவில்லை. "இது ஒரு ஊர் பாடற பாட்டு. அதனால யாரு நல்லாப் பாடறாங்கன்னு தேடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இசைப்பலகைக்குப் போனாள்.

முதல் அடி தாழ்வாக எழுந்தது. படகு போன கதை, தண்ணீர் ஏறின கதை, ஊர் ஒவ்வொருவராகப் பாலத்துக்கு வந்த கதை. நாற்காலிகளில் இருந்தவர்கள் அசையாமல் கேட்டார்கள். பக்கத்தில் மருந்துக்கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டு, பேசுகிற வாயா இது என்று கேட்கும்படி மென்மையாகப் பாடிக்கொண்டிருந்தாள். 'படகு திரும்பும் வரையிலே.' அண்ணனின் குரல் அவள் தோளருகிலிருந்து திடமாக வந்தது. 'இந்தப் பாலத்தின் மேலே.' அவன் அங்கே மூச்சு வாங்கினான், சரியாகத்தான் வாங்கினான். 'காத்தி' என்று எல்லாரும் மேலே ஏறினார்கள்.

அவளுக்கு மூச்சு தீர்ந்துகொண்டு வந்தது. இதோ அவளுடைய இடம். தலை குனியத் தொடங்கியது. அப்போது பக்கத்திலும் ஒரு தலை குனிவது கடைக்கண்ணில் பட்டது. அண்ணனின் குரல் ஒரு இழை பிசிறி, இன்னொரு இழை பிசிறி, நின்றுவிட்டது. மறந்து போய் நின்ற மாதிரி இல்லை. அவன் தாடை ஆடிக்கொண்டிருந்தது. கண்கள் முன்வரிசையில் யாரையும் பார்க்கவில்லை. ரயில் வந்து சேராத ஒரு மத்தியானத்தில், ஒரு கட்டில் பக்கத்தில், அதே சொல்லின் நடுவில் அவன் நின்றுகொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு யாரும் சொல்லாமல் தெரிந்தது.

அவள் குனிந்த தலையைத் தூக்கினாள்.

மூச்சு வாங்கவில்லை. நெஞ்சுக்கூட்டில் மிச்சமிருந்ததை எல்லாம் திரட்டிப் பிடித்தாள். விலா வலித்தது, காதுக்குள் இரைந்தது, கண்முன் நாற்காலிகள் மங்கின. சின்னப் பெண்ணாக ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கை மரத்துப் போகும், மேலே நிமிர்ந்து எப்ப இறங்குவே என்று கேட்பாள். நான் இறங்குற வரைக்கும் விடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அந்தப் பக்கத்துக் காலை அண்ணன் பிடித்துக்கொண்டிருப்பான். அவன் எப்போதாவது கையை உதறிக்கொள்ள விட்டால், இவள் இந்தப் பக்கம் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பாள். அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது.

பிடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். வா என்று கண்ணால் சொன்னாள். அவன் வாயைத் திறந்து, கரையில் வந்து விழுந்தவன் இழுப்பதுபோல ஒரு மூச்சு இழுத்தான். மஞ்சள் பல் தெரிந்தது. அவன் குரல் கரகரவென்று எழுந்து, அவளுடைய குரலுக்கு அடியில் வந்து சேர்ந்து, தாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவள் விட்டாள். தலையைக் குனியாமல், அப்பா ஒருநாளும் வாங்காத ஒரு இடத்தில், முதல் முறையாக மூச்சு வாங்கினாள். 'ருப்போம்' என்று எல்லாருமாக இறங்கி வந்தார்கள்.

வீட்டார் எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சர் இசைப்பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்து, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். பள்ளம் இல்லை என்று அர்த்தம். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, துடைக்கவில்லை என்பது போல ஓரத்திலிருந்த இவளுடைய வீட்டுக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

ஆட்கள் நாற்காலிகளை மடக்கத் தொடங்கியபோது அண்ணன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவளைப் பார்க்காமல் ஒரு நாற்காலியை எடுத்து மடக்கினான்.

"நான் பிடிக்கறேன்னு சொன்ன இடம் அது" என்றான். "விட்டுட்டேன்."

"ஆமா."

"அப்போ நீ எங்க மூச்சு வாங்கினே?"

அவள் அவன் கையிலிருந்த நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வர்ற வரைக்கும் இருந்தேன்" என்றாள். "அப்புறம்தான் வாங்கினேன்."